கீழே ஏழு, இடப்பக்கம் ஐந்து

திருப்பாதிரிப்புலியூர், கடலூர்
12.7.2009

அன்புள்ள மச்சான் ராஜவேலுக்கு,

முதலில் என் எழுத்தைப் பார்த்துக் கோபப்படாதே. வரி மேலே ஏறுகிறது, பிறகு தானாகக் கீழே இறங்குகிறது. சில எழுத்து பூசணிக்காய் அளவு, சில எழுத்து கடுகு. கை நடுக்கம் அல்ல. பழக்கம் இல்லை, அவ்வளவுதான். ஆனால் இது யாரும் எழுதிக் கொடுத்ததில்லை. உன் அக்கா புருஷன் பொன்னுரங்கம், அறுபத்தாறு வயதில், தன் கையால் எழுதுவது. இந்த முதல் பக்கத்துக்கு மூன்று நாள் ஆனது.

கான்வெண்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சவரியம்மாள் டீச்சர் மாதா கோயில் கூடத்தில் பெரியவர்களுக்கு வகுப்பு எடுக்கிறார். சாயங்காலம் ஐந்து மணிக்கு. பதினொரு பேர் படிக்கிறோம். பத்துப் பேர் பெண்கள், நான் ஒருவன்தான் ஆண். ஒரு நாள் டீச்சர், "பெரியவரே, போர்டப் பாருங்க. எம் மொகத்துல ஒண்ணும் எழுதி வக்கல" என்றார். எல்லாப் பெண்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ராஜவேலு, எவ்வளவு எழுத்து இந்த ஊரில் இருக்கிறது தெரியுமா! சுவரில், சாக்குப்பையில், மருந்துப் பட்டையில், எங்கே பார்த்தாலும் எழுத்து. இத்தனை நாள் இதற்கு நடுவில் எப்படி நடந்தேன் என்று ஆச்சரியமாக இருக்கிறது. முன்பெல்லாம் பஸ்ஸை அதன் நிறத்தை வைத்துக் கண்டுபிடிப்பேன். போன வாரம் நின்று பலகையைப் படித்தேன். தி, ரு, வ, ந், தி என்று கூட்டி முடிப்பதற்குள் திருவந்திபுரம் பஸ் போய்விட்டது. அடுத்ததும் போய்விட்டது. அங்கேயே நின்று தனியாகச் சிரித்தேன். அப்படி ஒரு சந்தோஷம்.

உன் செல் நம்பர் மாறிவிட்டது. ஸ்பேர் பார்ட்ஸ் விற்கிற பழனிவேல்தான் நீ சிதம்பரத்தில் வேலை செய்யும் கடையின் முகவரியைச் சொன்னான். நானே கேட்டு எழுதிக்கொண்டேன்.

உன் அக்கா லோகநாயகி சௌக்கியம். நான் உனக்கு எழுதுவது அவளுக்குத் தெரியாது. நாலு வருஷம் ஆகிவிட்டது. லாட்ஜில் நடந்ததை நீயும் மறந்துவிடு, நானும் மறந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
பொன்னுரங்கம்

(கையெழுத்தையும் நானே போட்டிருக்கிறேன். பார்.)


மேல வீதி, சிதம்பரம்
20.7.2009

மாமா அவர்களுக்கு,

கடிதம் வந்தது. நீங்கள் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டது நல்ல விஷயம்.

நாலு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். பஸ் பலகைக்கு ஒரு பத்தி. சாக்குப்பைக்கும் இடம் கிடைத்திருக்கிறது. லாட்ஜுக்கு ஒரு வரி. அதிலும் "நானும் மறந்துவிடுகிறேன்" என்று. நீங்கள் எதை மறக்க வேண்டியிருக்கிறது மாமா? இழந்தது நான்.

நினைவு இல்லையென்றால் நான் எழுதுகிறேன். சுனாமிக்கு அடுத்த வருஷம் ராஜமாணிக்கம் தன் லாட்ஜுக்குப் புது டி.வி. பதினெட்டு வாங்கினார். கேபிளில் ஓடும் செய்தி வரி திரைக்குக் கீழே போய் மறைகிறது, படத்தைச் சரி பண்ணுங்கள் என்று நம் கடையைக் கூப்பிட்டார். கீழ்த்தளத்தில் இருந்த பதினொன்றையும் நான்தான் முடித்தேன். பின்மூடியைக் கழற்றாமல், ரிமோட்டாலேயே மெக்கானிக் மட்டும் திறக்கிற சர்வீஸ் மெனுவுக்குள் போய். மாடியில் ஏழு. அன்று சாயங்காலம் நான் பண்ருட்டியில் இருந்தேன். மறுநாள் வந்து அந்த ஏழையும் முடித்தேன். ஞாயிற்றுக்கிழமை வயரிங் வேலைக்காக லாட்ஜில் மெயின் ஸ்விட்சை அணைத்தார்கள். திரும்பப் போட்டபோது மாடி டி.வி. ஏழும் எரியவில்லை. திரை கறுப்பு. மெனுவையே பார்க்க முடியாது, பிறகு எதைத் திருத்துவது?

கம்பெனி இன்ஜினியர் வந்து, மெனு எண்கள் பதிந்திருக்கும் மெமரி ஐ.சி. ஏழையும் மாற்றினார். மெனுவில் யாரோ தொடக்கூடாததைத் தொட்டிருக்கிறார்கள் என்றார். ரிசப்ஷனில் பத்துப் பேர் நின்றார்கள். நான் சொன்னேன், "முந்தின நாளு மாமா மாடிக்குப் போனாரு, அவரைக் கேளுங்க." நீங்கள் கையெடுத்துக் கும்பிட்டீர்கள். "எனக்கு எழுத்தே தெரியாதுங்க. நான் எங்க அதுக்குள்ள போறது?" என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். உங்களைப் பார்த்து அல்ல, என்னைப் பார்த்து.

வீட்டுக்கு வந்தேன். அக்கா வாசலிலேயே நிற்க வைத்தாள். "எழுதத் தெரியாத மனுசன் மேல பழி போட உனக்கு எப்படிடா வாய் வந்துச்சு?" என்றாள். அன்றைக்குக் கிளம்பியவன்தான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அரசு கொடுத்த இலவச டி.வி.க்களைப் பழுது பார்க்கும் வேலையை இந்தத் தாலுகாவில் ஒரு சர்வீஸ் நிறுவனம் எடுத்திருக்கிறது. தாலுகா முழுவதற்கும் ஒரு மெக்கானிக் வேண்டும். அதன் மேற்பார்வையாளருக்கு என் வேலை பிடித்திருக்கிறது. ஆனால் அவர் கடலூர்க்காரர். "ஏழு செட்டைக் கொன்ன ஆளு நீதானே? ராஜமாணிக்கம் வாயால உன்னைச் சரின்னு சொல்லட்டும், பாக்கலாம்" என்றார். ஆவணி ஒன்றாம் தேதி ஆள் எடுக்கிறார்கள்.

நடந்ததை ஒரு தாளில் உங்கள் கையால் எழுதி ராஜமாணிக்கத்திடம் கொடுங்கள். அவர் மேற்பார்வையாளருக்கு ஒரு ஃபோன் செய்தால் போதும். நீங்கள் இங்கே வர வேண்டாம். ஃபோனிலும் வேண்டாம். வாயால் சொன்னதை நீங்கள் எப்படி மாற்றுவீர்கள் என்று பார்த்தவன் நான். எழுத முடியாதென்றால் இனி எனக்கும் எழுத வேண்டாம்.

ராஜவேல்


கடலூர்
2.8.2009

மச்சான்,

உன் கடிதத்தை நானே படித்தேன். யாரிடமும் கொடுக்கவில்லை. இரண்டு நாள் ஆனது. கோபமாக எழுதியிருந்தாலும் உன் எழுத்து அழகு. ஒவ்வொன்றும் தனித்தனியாக நிற்கிறது. கல்யாணப் பத்திரிகையைத் தவிர என் பெயருக்கு வந்த முதல் கடிதம் அது.

நான் மாடிக்குப் போனது உண்மை. மெனுவுக்குள் போனதும் உண்மை. எப்படிப் போனேன் என்று நீ கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

உன் பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். சத்தத்தைப் பூஜ்யத்துக்கு இறக்குவாய். செட்டில் இருக்கும் சத்தம் குறைக்கிற பட்டனை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறு கையால் ரிமோட்டில் ஓரத்தில் இருக்கிற பட்டனை அழுத்துவாய். திரையில் பச்சை எழுத்து வரும். பிறகு கீழே ஏழு. இடப்பக்கம் ஐந்து. படத்தின் அடிப்பக்கம் மேலே வந்துவிடும். பச்சை எழுத்து என்ன சொல்கிறது என்று எனக்குத் தெரியாது. விரலை எண்ணினேன்.

இருபத்திரண்டு வருஷம் என் கடை அது. கண்ணாடியை டி.வி.க்கு எதிரே சாய்த்து வைத்து, நான் பின்பக்கம் உட்கார்ந்து, கண்ணாடியில் படத்தைப் பார்த்தபடியே திருகைத் திருப்பி நிற்க வைப்பேன். அப்படி நான் சரி செய்த வீடுகளில் யாரும் என்னை ஒரு வார்த்தை குறை சொன்னது கிடையாது. நீ வந்த பிறகு கடைக்கு வருகிறவன் எல்லாம், "ராஜவேல் இல்லியா? பரவால்ல, அப்பறம் வர்றேன்" என்பான். நான் அங்கேயே உட்கார்ந்திருப்பேன். உன்னிடம் ஒரு தடவை கேட்டேன், "அதுல இன்னாடா எழுதியிருக்கு?" நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "உங்களுக்கு எதுக்கு மாமா அதெல்லாம், வுடுங்க" என்றாய். ஞாபகம் இருக்கிறதா?

அதனால் மாடிக்குப் போனேன். நானும் முடிப்பேன் என்று காட்ட. கீழே ஏழு, இடப்பக்கம் ஐந்து. படம் அசையவில்லை. ஒரு வேளை ரிமோட்டில் அணைத்துப் போட்டால் அசையும் என்று நினைத்தேன். ஏழு அறையிலும் அதையே செய்தேன். ஒன்றும் ஆகவில்லை என்று இறங்கி வந்து, மீதியை நாளைக்கு மச்சான் வந்து பார்ப்பான் என்று சொன்னேன். இதுதான் நடந்தது.

ஒன்றும் அசையவில்லை என்றால் நான் எதைக் கெடுத்தேன்? என்ன செய்தேன் என்று எனக்கே தெரியாதபோது, செய்தேன் என்று ராஜமாணிக்கத்துக்கு எப்படி எழுதுவது? பொய் எழுதச் சொல்கிறாயா? கடையும் போய்விடும். உன் அக்காவிடம் நான் என்ன சொல்வது?

வகுப்பில் இப்போது இங்கிலீஷ் பெரிய எழுத்து நடக்கிறது. கோழி கிளறினது போல எழுதுவதில் எனக்கு முதல் இடம் என்று டீச்சர் சொன்னார்.

பொன்னுரங்கம்


சிதம்பரம்
8.8.2009

மாமாவுக்கு,

எதைத் தொட்டாலும் தொடுவதற்கு முன்னால் மெனுவில் இருக்கும் எண்களை எல்லாம் நோட்டில் எழுதி வைப்பது என் பழக்கம். உங்களுக்குத் தெரியும். "இவன் டி.வி.க்கு ஜாதகம் எழுதுறான்" என்று கிண்டல் செய்வீர்கள். மாடி டி.வி. ஏழுக்கும் எழுதினேன். அந்த மாடலை அன்றுதான் முதல் முறையாகத் திறக்கிறேன். கீழ்த்தள மாடலைவிட அதில் ஒரு வரி கூடுதல். இருந்தபடி எழுதிக்கொண்டேன்.

நான் ஒழுங்காக வேலை செய்தேன் என்று காட்டத்தான் அந்த நோட்டை இன்ஜினியரிடம் நானே எடுத்துக் கொடுத்தேன். ஏழாவது வரியில் நான் எழுதியிருந்த எண் 27. அது செட்டின் வகையைச் சொல்கிற எண், மெயினை அணைத்துப் போடும்போதுதான் செட் அதைப் படிக்கும். அவர் சிரித்தார். "இங்க 32 இருக்கணும்யா. நீயே மாத்திட்டு நீயே எழுதியும் வச்சிருக்க." அதற்கு மேல் அங்கே யார் என் பேச்சைக் கேட்பார்கள்? உங்களுக்கு நோட்டே கிடையாது. அதனால் உங்கள் மேல் ஒரு கறையும் இல்லை.

முப்பத்திரண்டிலிருந்து ஐந்தைக் கழியுங்கள் மாமா. கணக்கு உங்களுக்கு நன்றாக வரும்.

அன்று பஸ்ஸில் சிதம்பரம் வருவதற்குள்ளேயே எனக்குப் புரிந்துவிட்டது. ஏழு செட்டிலும் சரியாக ஐந்து குறைந்திருக்கிறது. படிக்கத் தெரிந்தவன் யாரும் அப்படி அழுத்த மாட்டான். எண்ணி அழுத்துகிறவன்தான் அழுத்துவான். ஆனால் யாரிடம் போய்ச் சொல்வது?

என் மேலும் தப்பு இருக்கிறது. உங்களுக்குச் சொல்லித் தராமல் மறைத்தேன். கடைக்கு வருகிறவர்கள் என்னைக் கேட்டது எனக்குப் பிடித்திருந்தது. அதை ஒப்புக்கொள்கிறேன். அதற்குத் தண்டனை இவ்வளவா?

தனித் தாளில் அந்த மெனுவின் வரிகளைப் பெரிய எழுத்தில் வரைந்து அனுப்பியிருக்கிறேன். அதே மாடல் டி.வி. கடலூரில் எத்தனையோ வீட்டில் இருக்கும். திறந்து ஏழாவது வரியைப் படியுங்கள். படிக்கத் தெரியாது என்று இனி நீங்கள் சொல்ல முடியாது.

ஆவணி பிறக்க ஒன்பது நாள்தான் இருக்கிறது.

ராஜவேல்


கடலூர்
18.8.2009

ராஜவேலு,

இந்தக் கடிதத்தை ஒரே நாளில் எழுதுகிறேன். எழுத்து மோசமாக இருக்கும்.

உன் தாளை எடுத்துக்கொண்டு மேல்பட்டாம்பாக்கம் போனேன். அங்கே என் பழைய வாடிக்கையாளர் வீட்டில் அந்த மாடல் இருக்கிறது. படம் சரியா என்று பார்க்கிறேன் என்று சொல்லி உட்கார்ந்தேன். உள்ளே போனேன். பச்சை எழுத்து வந்தது.

உனக்கு இது கேட்கப் பிடிக்காது, இருந்தாலும் எழுதுகிறேன். முதல் வரியை வாசித்தபோது உடம்பெல்லாம் சிலிர்த்தது. இத்தனை வருஷம் பச்சைப் பூச்சி போல ஓடினது, எழுத்தாக நின்றது. ஒவ்வொன்றாக உன் தாளோடு ஒத்துப் பார்த்துக் கீழே வந்தேன். ஏழாவது வரியில் O, P, T. பக்கத்தில் 32. எட்டாவது வரியில்தான் V, S, I, Z, E. அதுதான் படத்தின் உயரம். ஒரு வரி தள்ளிப் போயிருக்கிறது. நான் எண்ணினது தப்பில்லை. வரிதான் வேறு.

ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டேன். அந்த வீட்டம்மா, "இன்னாங்க, எதனா கோளாறா?" என்றாள். "செட்டு நல்லாருக்கும்மா" என்று சொல்லி வந்தேன்.

நான் போன கடிதத்தில் எழுதினது முழு உண்மை அல்ல. அந்த ஞாயிற்றுக்கிழமை, ஏழு டி.வி.யும் கறுப்பாகிவிட்டது என்று லாட்ஜிலிருந்து ஆள் வந்து சொன்னானே, அப்போதே கையில் இருந்த வேலையைக் கீழே வைத்துவிட்டேன். ஏழு என்றதுமே தெரிந்துவிட்டது. நான் போன அறைகளும் ஏழு. எதைக் கெடுத்தேன் என்றுதான் தெரியாது. கெடுத்தது நான் என்று தெரியும். பத்துப் பேருக்கு முன்னால் நீ என்னைக் கைகாட்டியபோது, எழுத்துத் தெரியாது என்ற வார்த்தை தானாக வாயில் வந்தது. வாழ்நாள் முழுவதும் எனக்கு வெட்கமாக இருந்த வார்த்தை. அன்றைக்கு மட்டும் அது உதவியது. எல்லோரும் நம்பியதும் அதிலேயே நின்றுவிட்டேன்.

உன் அக்காவிடம் சொன்னேன். நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அன்னிக்கே சந்தேகம் இருந்துச்சு லோகம்" என்றேன்.

"சந்தேகமா, தெரியுமா?"

"தெரியும்."

கை நிற்கவில்லை. ஆய்ந்துகொண்டே இருந்தாள். கடைசி மீன் வரைக்கும் ஆய்ந்து, கழுவி வைத்துவிட்டு, "எந்தம்பிய வாசல்ல நிக்க வச்சனே. ஒரு சொம்புத் தண்ணி குடுக்கலியே. உங்களுக்காகத்தானே?" என்றாள். நான் தலையைக் குனிந்திருந்தேன். "தலையத் தூக்குங்க. அன்னிக்கும் இப்படித்தான் குனிஞ்சிகினு இருந்தீங்க. நான் பாவம்னு நெனச்சேன்" என்றாள்.

ராஜமாணிக்கத்துக்கு எழுத உட்கார்ந்தேன். எழுத்து அசிங்கமாக இருக்கிறது என்று கிழித்தேன். மறுநாளும் கிழித்தேன். நல்ல பிரதி ஒன்று எடுக்கிறேன் என்று உன் அக்காவிடம் சொன்னேன். எழுத்துக்காகக் கிழிக்கவில்லை மச்சான். லாட்ஜ் வாசலில் போய் நிற்க பயம். நாள் போய்க்கொண்டே இருந்தது. நேற்று, ஆவணி முதல் நாள், மத்தியானம்தான் போனேன்.

ராஜமாணிக்கம் தாளை இரண்டு தடவை படித்தார்.

"யாருய்யா எழுதிக் குடுத்தது?"

"நான்தாங்க."

"நீயா? நீ ரேகை வக்கிற ஆளாச்சே! உம் மச்சான் எழுதி, உங்கையில குடுத்தனுப்பிட்டானா? நல்ல குடும்பம்யா."

"இல்லீங்க. படிச்சிகினு இருக்கேன். மாதா கோயில் வகுப்புல."

ரிசப்ஷனில் இருந்த ஆள் சிரித்தான். ராஜமாணிக்கம் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து என் முன்னால் தள்ளினார். "உக்காரு. இதையே இங்க எழுது. பாக்கலாம்."

உட்கார்ந்தேன். எல்லோரும் பார்க்கும்போது கை வரவில்லை. 'பொன்னுரங்கமாகிய நான்' என்பதற்கே பத்து நிமிஷம் ஆனது. சாவிக்காகப் பெட்டியோடு நின்ற ஒருத்தன், "இன்னா பெருசு, பரிட்சையா?" என்றான். பேனா வியர்வையில் வழுக்கியது. என் மச்சான் மேல் ஒரு தப்பும் இல்லை, ஏழு அறையிலும் தொட்டது நான், தெரிந்தே சொல்லாமல் இருந்தேன் என்று எழுதி முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது.

இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு, "அன்னிக்கு எழுத்தே தெரியாதுன்னு கும்புட்டியேய்யா" என்றார்.

"தெரியாதுங்க. எண்ணத் தெரியும்" என்றேன்.

"அந்தப் புள்ள இங்கியே நின்னு அழுதான். நான்தான் போடா வெளியன்னேன்" என்றார். உடனே ஃபோனை எடுத்தார். அந்த மேற்பார்வையாளர் எடுக்கவில்லை. சாயங்காலம் மறுபடி பேசுகிறேன் என்றார். "இனிமே இந்தப் படி ஏறாத" என்று என்னிடம் சொன்னார். சரி என்று வந்துவிட்டேன்.

வேலை கிடைத்ததா என்று எழுது.

பொன்னுரங்கம்


சிதம்பரம்
10.9.2009

மாமாவுக்கு,

உடனே எழுத மனம் வரவில்லை.

ராஜமாணிக்கம் திங்கட்கிழமை சாயங்காலம் பேசினாராம். அன்று காலையே வேறு ஒருவரை எடுத்துவிட்டார்கள். காட்டுமன்னார்கோவில் ஆள். நல்ல மெக்கானிக்தான், அவரைக் குறை சொல்ல முடியாது. மேற்பார்வையாளர் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, சனிக்கிழமை இது தெரிஞ்சிருந்தாக்கூட உன்னத்தான்யா எடுத்திருப்பேன்" என்றார். அதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

என் தாள் உங்கள் கைக்குப் பதினொன்றாம் தேதி வந்திருக்கும். ஆறு நாள் கிழித்துக் கிழித்து எழுதியிருக்கிறீர்கள். பயம் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். நன்றி. எழுதாமல் இருந்திருந்தால், வயசானவர், கை வரவில்லை, அதனால் தாமதம் என்று நான் நினைத்திருப்பேன்.

ராஜமாணிக்கம் நீங்கள் எழுதிய இரண்டு தாளில் ஒன்றைப் பழனிவேலிடம் கொடுத்தனுப்பினார். உங்கள் எழுத்துதான் என்று பார்த்ததும் தெரிந்தது. என் நோட்டில் 27 என்று எழுதியிருக்கும் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன். நிம்மதி வரும் என்று நினைத்தேன். வரவில்லை. நீங்கள் தெரியாமல் செய்தீர்கள் என்று நம்பியிருந்தேன் மாமா. கோபம் வரும்போதெல்லாம் அந்த ஒரு நினைப்பால்தான் அடக்கிக்கொண்டேன். எண்ணத் தெரிந்தவர், படிக்கத் தெரியாதவர், அவருக்கு எப்படிப் புரியும் என்று. உங்களுக்கு அன்றே தெரியும் என்பதை இப்போது உங்கள் எழுத்திலேயே படிக்கிறேன்.

கடலூரில் இன்னும் என்னை ஏழு செட்டைக் கொன்றவன் என்றுதான் சொல்கிறார்கள். ராஜமாணிக்கம் ஒருவருக்குத் தெரிந்து என்ன? இது ஒவ்வொரு கடையிலும் பேசின பேச்சு. பண்ருட்டி வரைக்கும் போன பேச்சு.

அக்கா வருவதென்றால் வரட்டும். அவளுக்கு என் வாசல் எப்போதும் திறந்திருக்கும். நீங்கள் வர வேண்டாம். எழுதவும் வேண்டாம். எழுதினால் படிப்பேன் என்று சொல்ல முடியாது.

ராஜவேல்


கடலூர்
6.10.2009

ராஜவேலுக்கு,

எழுத வேண்டாம் என்று சொன்னாய். படிக்காவிட்டாலும் பரவாயில்லை. ஆனால் இது உன் சம்பந்தப்பட்ட விஷயம், உனக்குத் தெரிவிக்காமல் செய்யக்கூடாது.

உன் அக்கா உன்னிடம் வந்து நாலு நாள் இருந்து திரும்பினாள். என்ன பேசினீர்கள் என்று கேட்டேன். "அக்கா தம்பிக்குள்ள ஆயிரம் இருக்கும்" என்றாள். எனக்குச் சோறு போடுகிறாள். தட்டை வைக்கிற சத்தத்தில் அவள் எப்படி இருக்கிறாள் என்று தெரிந்துகொள்கிறேன். கடைக்கு ஆள் வருவது குறைந்துவிட்டது. அது நியாயம்தான்.

ஒவ்வொரு கடையிலும் பேசின பேச்சு என்று எழுதியிருந்தாய். அதனால் ஒவ்வொரு கடைக்கும் போகிறேன். டி.வி. மெக்கானிக், கேபிள் ஆபீஸ், ஸ்பேர் பார்ட்ஸ் கடை எல்லாம். எழுதி வைத்துக்கொண்டு போனால் நம்புவதில்லை. "யாரு எழுதினது?" என்று ராஜமாணிக்கம் கேட்டதையே எல்லோரும் கேட்கிறார்கள். அதனால் இப்போது வெறும் தாளோடு போகிறேன். அவர்கள் முன்னாலேயே உட்கார்ந்து எழுதுகிறேன். மஞ்சக்குப்பத்தில் மூன்று கடை முடிந்தது. முதுநகரில் இரண்டு. நெல்லிக்குப்பத்தில் ஒன்று. முதலில் ஒரு மணி நேரம் ஆன எழுத்து, இப்போது நாற்பது நிமிஷத்தில் முடிகிறது.

எல்லோரும் நல்லபடி எடுத்துக்கொள்வதில்லை. மஞ்சக்குப்பத்தில் ஒருத்தன், "நாலு வருசம் கழிச்சி இன்னா திடீர்னு? மச்சான் மிரட்டுனானா?" என்றான். இல்லை, நானாகத்தான் வந்தேன் என்று சொன்னேன். அதையும் எழுது என்றான். எழுதினேன். முதுநகரில் ஒரு கடைக்காரர் நான் எழுதி முடித்ததும் தாளை மடித்துக் கல்லாப் பெட்டிக்குள் போட்டார். "நானுந்தான் அந்தப் பையனைப் பத்தி நாலு பேர்ட்ட சொன்னேன். இப்ப எந்த மூஞ்சிய வச்சிகினு மாத்திச் சொல்றது?" என்றார். "என் மூஞ்சிய வச்சிச் சொல்லுங்க" என்றேன். நெல்லிக்குப்பத்தில் உட்காரச் சொல்லவே இல்லை. நின்றுகொண்டே, அவன் கடை டி.வி. மேல் தாளை வைத்து எழுதினேன்.

ஒன்று சொல்லக்கூடாது, ஆனால் உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்? எழுதும்போது இப்போதும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. என் பெயரைக் கெடுக்கிற எழுத்துத்தான். இருந்தாலும் ஒவ்வொரு எழுத்தும் நான் நினைத்த மாதிரி தாளில் வந்து நிற்கிறதே, அந்தச் சந்தோஷத்தை என்னால் அடக்க முடியவில்லை. இதற்கும் நீ கோபப்படுவாய். படு.

உன்னிடம் மன்னிப்புக் கேட்டு ஒரு வரி எழுதலாம் என்று மூன்று தடவை ஆரம்பித்தேன். இத்தனை கடைகள் மீதி இருக்கும்போது அதைக் கேட்பது சரியில்லை என்று விட்டுவிட்டேன்.

இன்னும் பண்ருட்டி முழுவதும் இருக்கிறது. பஸ் ஸ்டாண்டைச் சுற்றியே ஐந்து கடை என்று பழனிவேல் சொன்னான். திங்கட்கிழமை காலையில் கிளம்புகிறேன். ஒரு நாளைக்கு இரண்டுக்கு மேல் கை தாங்காது. எந்தக் கடையில் யார் என்ன சொன்னார்கள் என்று அடுத்த வாரம் இதே செவ்வாய்க்கிழமை உட்கார்ந்து உனக்கு எழுதுவேன்.

பொன்னுரங்கம்